புரோநோட்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள்

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நூலகத்துக்கு இன்று ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவரை எழுப்பலாமா கூடாதா என்று விதிமுறையில் எங்கும் இல்லை. முப்பத்தொரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேலை இல்லாததால், யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன சிவில் சட்ட வழிகாட்டியைப் புரட்டினேன். நம் கிளை நூலகத்தில் இது இருப்பதே இன்றுதான் எனக்கு உறைத்தது. அதில் கடன்களின் வகைகள் என்று ஒரு அதிகாரம். கடன் என்றால் கடன், அதில் என்ன வகை என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எத்தனை ரகம்! ஒருவர் மட்டும் படுகிற கடன். இரண்டு பேர் பட்டு, அவரவர் பங்கை அவரவர் தீர்க்கிற கடன். மழை பெய்தால் தருகிறேன் என்று நிபந்தனை வைக்கிற கடன். மாட்டைத் தருகிறேன், இல்லாவிட்டால் பணத்தைத் தருகிறேன் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிற கடன். ஒன்றைச் செய்யாமலிருக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் சட்டப்படி கடன்தானாம். உன் வீட்டுச் சன்னலை மறைத்துச் சுவர் எழுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், சும்மா இருந்தே கடனைக் கட்டிக்கொண்டிருக்கலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியில் காலாவதியான கடன். புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம் ஆயுள். அதற்குள் வழக்குப் போடவில்லை, கொஞ்சம் பணமாவது வாங்கி அதைப் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்தும் வாங்கவில்லை என்றால், அப்புறம் நீதிமன்றம் அதைத் தொடாது.

ஒரு உதாரணத்துக்காக மட்டும், முட்டைக் கடை வெள்ளத்தாயிடம் நானும் என் மனைவி மாரீஸ்வரியும் எழுதிக் கொடுத்த புரோநோட்டை எடுத்துக்கொண்டேன். ஒன்றரை லட்சம், மகள் நிவேதாவின் கடைசி வருடக் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் செப்டம்பர் இருபது. தேதி நன்றாக நினைவிருக்கிறது, நான்தான் என் கையால் எழுதினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் இருபத்தாறு நாள்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் எண்ணினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வக்கீல் அழகுராஜா காலையில் பேப்பர் படிக்க வருவார். முப்பத்தைந்து வயது, கட்சிக்காரர்கள் குறைவு, அதனால் ஐந்து பேப்பரையும் படித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போவார். அவரிடம், "என் நண்பர் ஒருத்தர் கேட்டாரு" என்று ஆரம்பித்தேன்.

"கேளுங்க சார்."

"புரோநோட்டுல 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' னு எழுதுறமே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருந்தா, ஆளுக்குப் பாதின்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு அர்த்தம். குடுத்தவரு யாரு சட்டையப் பிடிச்சு வேணாலும் முழுசையும் கேக்கலாம். கட்டுனவரு அப்புறம் மத்தவர்கிட்டப் போயி அவரு பங்கை வாங்கிக்க வேண்டியதுதான்."

"புருஷன் பொண்டாட்டியா இருந்தாலுமா?"

"சட்டத்துக்கு ரெண்டு பேரு சார். அவ்வளவுதான்."

இந்த வரியை எங்கள் நோட்டில் அன்று நானே எழுதினேன். யாரோ எழுதிய பழைய புரோநோட்டைப் பார்த்து, அர்த்தம் தெரியாமல் அப்படியே காப்பியடித்தேன். நூலகர் என்று பெயர்.

வீட்டுக்கு வரும் வழியில் கொத்தனார் முத்துராக்கைப் பார்த்தேன். மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூன்று பக்கம் சன்னல், ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. மார்ச்சில் ஓய்வு பெற்ற பிறகு எனக்கே எனக்கு என்று ஓர் அறை. இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றான். பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பஜார் வழியாகப் போனால் நூலகம் ஏழு நிமிடம். பேட்டைத் தெரு, பிள்ளையார் கோவில், ரயில்வே கேட் என்று சுற்றிப் போனால் பத்தொன்பது நிமிடம். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். பேட்டைத் தெருவில் இத்தனை வேப்பமரம் இருப்பதை இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை. பதினான்கு.

முட்டைக் கடை பஜாரில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுகொழுவென்று கொழுக்கட்டை. மாரி ஒரு தூக்குவாளியில் இருபது எண்ணி வைத்து, "வெள்ளத்தாய் மதினிக்குக் குடுத்துட்டு வந்துருங்க. வருஷா வருஷம் குடுக்குறதுதான" என்றாள்.

எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்களுக்குக் கொடுத்தேன். பண்டிகை நாளில் நாலு பேர் சாப்பிட்டால் நல்லதுதானே.

"என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குன்னாக."

பொய் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் ஏழு பேர் சாப்பிட்டு ஏழு பேரும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்கள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலாவதியான கடன் செத்துப்போவதில்லையாம்! இன்று அழகுராஜா சொன்னதில் இதுதான் விசேஷம்.

"மூணு வருஷம் தாண்டிட்டா கோர்ட்டு கதவுதான் சார் சாத்துது. கடன் அப்படியேதான் இருக்கும். வாங்குனவரு மனசு வந்து அப்புறமாக் கட்டினா, அது தர்மமாக் குடுத்தது ஆகாது, கடனை அடைச்சதுதான். ஐயோ தெரியாமக் கட்டிட்டேன், திருப்பிக் குடுன்னும் கேக்க முடியாது."

"அப்போ அந்தக் கடன் எங்கதான் இருக்கு? கோர்ட்டுலயும் இல்ல, பேப்பருக்கும் மதிப்பு இல்ல."

அழகுராஜா சிரித்தார். "நல்ல கேள்வி. உங்க நண்பர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

முதல் பதினான்கு மாதம் வட்டி ஒழுங்காகக் கொடுத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். ஒன்றரை வட்டிக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது, கையில் கொடுத்துக் கையில் வாங்கியது. ரசீதும் இல்லை, நோட்டின் பின்பக்கத்தில் வரவும் இல்லை. வெள்ளத்தாய்க்கு அதெல்லாம் வைக்கத் தெரியாது. அப்புறம் நிவேதாவை ஓசூரில் வேலைக்குச் சேர்த்தது, விடுதி, முன்பணம் என்று நின்றுபோனது. வெள்ளத்தாயும் அழுத்திக் கேட்கவில்லை. "வரும்போது குடுங்கண்ணே" என்றாள். கேட்காதது யாருடைய தப்பு?

இப்போது நிவேதா சம்பாதிக்கிறாள். அவள் அனுப்புவதை மாடி அறைக்கென்று தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

நூலகத்துக்கு வார விடுமுறை. பத்தரை மணிக்கு வாசலில் வெள்ளத்தாயின் குரல் கேட்டது. அப்போது நான் குளியலறையில் இருந்தேன். உண்மையிலேயே இருந்தேன்.

"அண்ணே இல்லையா மதினி?"

"குளிக்காக."

"சரி, குளிச்சுட்டு வரட்டும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல தாசில்தார் ஆபீசுல வேலை பாக்குற பிள்ளை சொல்லுச்சு, நோட்டுக்கு மூணு வருஷம் ஆகப்போகுதாமே, பின்னாடி ஒரு வரவு வச்சுக் கையெழுத்து வாங்கிக்கணுமாம். எனக்கு என்ன தெரியும், சொன்னா செய்யுறேன்."

நான் சோப்புப் போட்டேன். மறுபடியும் போட்டேன். வாளியில் தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி பிடித்தேன். அவளும் மாரியும் முட்டை விலை, முருங்கைக்காய் விலை, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது நிமிடம். பெண்களுக்குப் பேச்சு எங்கிருந்துதான் வருகிறதோ. கடைசியில் கடையைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

வெளியே வந்தபோது மாரி என் கையையே பார்த்தாள். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது. ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு வைத்தாள். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பதில் தயாராக வைத்திருந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஐந்து நாள்.

செப்டம்பர் 18, புதன்

நூலகத்தில் கூட்டம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகம் கேட்டு மொய்க்கிறார்கள். மத்தியானம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் மாரி இட்லி மாவு விற்ற காசை எண்ணிக்கொண்டிருந்தாள். எப்போதும் சம்படத்தில் ஆயிரத்தைத் தாண்டி இருக்கும், இன்று குறைவாகத் தெரிந்தது. "என்ன, ஏவாரம் இல்லையா?" என்றேன்.

"இருந்துச்சு. ஒரு சோலி வந்துச்சு, எடுத்தேன்."

என்ன சோலி என்று கேட்க நினைத்தேன். மின்சாரம் போய்விட்டது, பேச்சும் அதோடு போனது.

செப்டம்பர் 20, வெள்ளி

விடுமுறைதான். ஆனாலும் புத்தக இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே நூலகத்துக்கு வந்துவிட்டேன். முன்கதவை உள்பக்கமாகத் தாழிட்டேன். தெருப்பக்கச் சன்னலையும் சாத்தினேன். உள்ளே ஒரே புழுக்கம். மின்விசிறி போட்டால் வெளியே சத்தம் கேட்குமோ என்று போடவில்லை.

வேலை பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வரலாற்று அலமாரியில் நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் எண்ணினேன். மூன்று காணவில்லை. பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையல் குறிப்புகள் வரிசைக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்தொன்பது வயது, அரசு ஊழியன், மாடி அறைக்குச் சன்னல் எந்தத் திசையில் என்று கனவு காண்கிறவன், சமையல் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

தட்டியவர் தபால்காரர். கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போனார்.

ஐந்தே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். கோர்ட் அலுவலகம் மூடியிருக்கும். வெள்ளத்தாய் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லையாம், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

முடிந்தது. சட்டப்படி வெள்ளத்தாய் என்னை ஒன்றும் செய்ய முடியாது. கொடுக்க மாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மனசு வந்தால் கொடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும். அழகுராஜாவே அப்படித்தான் சொன்னார்.

பஜார் வழியாகப் போகலாம் என்று கிளம்பினேன். கால் தானாகப் பேட்டைத் தெருவுக்குத் திரும்பியது.

முத்துராக்கிடம் தை மாதம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது மாரி சொன்னாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, பால்காரருக்குக் கொடுத்ததைச் சொல்வதுபோல.

"புதன்கிழமை வெள்ளத்தாய் மதினி வந்துச்சு. ஐநூறு ரூவா குடுத்து நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரு கையெழுத்து?"

"என் கையெழுத்துதான். நம்ம ரெண்டு பேரும் சேந்து வாங்குனதுதான, வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போதும்ல. அதுவும் சரின்னுச்சு."

சாப்பிட்ட கையின் விரலிலேயே எண்ணினேன். இரண்டு நாள் முன்னால். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்காமல் எழுதுகிறேன். இருபத்தாறு நாள் தெருத் தெருவாகச் சுற்றியதெல்லாம் ஐநூறு ரூபாயில் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

அழகுராஜா வருவதற்கு முன்பே நூலகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

"என் நண்பரோட விஷயத்துல ஒரு சின்ன மாற்றம். கெடுவுக்கு முன்னாடி அவரு சம்சாரம் மட்டும் வரவு வச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவரு போடல. நோட்டு உசிரோடதான இருக்கு?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தம்மாவுக்கு உசிரோட இருக்கு. அவருக்கு இல்ல."

"புரியல."

"ஒருத்தர் வச்ச வரவு இன்னொருத்தரைக் கட்டுப்படுத்தாது சார். அவருக்குக் காலாவதி ஆயிருச்சு, உங்க நண்பர் தப்பிச்சிட்டாரு. அந்தம்மாவுக்கு அன்னையிலேருந்து புதுசா மூணு வருஷம். வழக்குன்னு வந்தா முழுத் தொகைக்கும் அவங்க மேல மட்டும்தான் வரும்."

"பாதிக்கு இல்லையா?"

"கூட்டாகவும் தனித்தனியாகவும்னுதான எழுதியிருக்கு? முழுசுக்கும். அவங்க பேர்ல ஏதாவது இருக்கா?"

மூன்று சென்ட் மனை இருக்கிறது. அவள் அப்பா கொடுத்தது, பாலவநத்தம் ரோட்டில். எத்தனை பணமுடை வந்தபோதும் அதில் கைவைக்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அழகுராஜா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "உங்க நண்பர் இப்பவும் உள்ள வரலாம் சார். பாக்கி இருக்குன்னு எழுதினா செல்லாது, கெடு முடிஞ்சிருச்சு. ஆனா இந்தத் தொகையை நான் கட்டுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, செத்த கடனுக்கும் அது செல்லும். சட்டத்துல இடம் இருக்கு. யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான்" என்றார். அன்று பேப்பரைப் படித்து முடிக்காமலே எழுந்து போனார். ஐந்தும் மேசையிலேயே கிடந்தன.

நான் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. இந்த ஊரில் ஒரு சட்டமும் என்னைத் தொட முடியாது. என் சுமை முழுக்க இட்லி மாவு அரைக்கிறவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பையன் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடம், கெடு, யார் கையெழுத்து யாரைக் கட்டும் என்று வழிகாட்டியில் இருக்கிற வரிசையிலேயே சொன்னேன். கடைசியில், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னைக்கு முழுக்க நூலகத்துலதான் இருந்தேன். வெள்ளத்தாயை அங்க அனுப்பியிருந்தா நான் போட்டிருப்பேன்" என்றேன்.

உளுந்து ஊறப்போட்ட பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"நீங்க போடமாட்டீக."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? முப்பது வருஷமா ஒங்க கூட இருக்கேன். தூக்குவாளியை ஆட்டோக்காரன் வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போறான். குளியலறைக்குள்ள போயி முக்காமணி நேரம் தண்ணிய ஊத்துறீக. நீங்க போடமாட்டீகன்னு அதுகிட்ட சொல்ல எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. அதான், அவுக திருநெல்வேலிக்கு டிரெயினிங் போயிருக்காகன்னு சொல்லிட்டு நான் போட்டேன்."

"சட்டம் தெரியாமப் போட்டுட்டியே மாரி."

"சட்டம் எனக்கு எதுக்கு? வாங்குனோம். என் பிள்ளை படிச்சா."

உளுந்தைக் களைந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஜார் வழியாகப் போனேன். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளத்தாய் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கண்ணே! திருநெல்வேலியிலருந்து எப்ப வந்தீக? டிரெயினிங் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

உட்காரவில்லை. மாடி அறைக்கென்று சேர்த்திருந்த எண்பதாயிரத்தை உறையோடு எடுத்து வைத்தேன். மிச்சத்தை மார்ச்சில் ஓய்வுப் பணம் வந்ததும் வட்டியோடு தருகிறேன் என்றேன். நோட்டை எடுக்கச் சொன்னேன். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து, பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தாள்.

"எதுக்குண்ணே? அதான் மதினி போட்டுட்டாகளே."

"அது அவளைத்தான் கட்டும் தாயி. என்னைக் கட்டாது. இப்போ நான் போடலேன்னா, நீ அவ மேல மட்டும்தான் கேக்க முடியும். அப்படி ஒரு சட்டம் இருக்கு. நான் அதைப் படிச்சுட்டுத்தான் ஒன் கண்ணுல படாமத் திரிஞ்சேன்."

அவள் உறையைத் திறக்கவில்லை. ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், வைத்தாள். இதையும் சொல்லாமல் போனால் இந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியது.

"நான் திருநெல்வேலிக்கும் போகலை."

"தெரியும்ணே. அன்னைக்கு என் மருமக ஒங்ககிட்டதான பரீட்சைப் புஸ்தகம் வாங்கிட்டு வந்தா."

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"மதினி என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாக. அவுக அப்படிச் சொல்லும்போது, இல்லேன்னு நான் எப்படிண்ணே சொல்லுவேன்?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நோட்டைத் திருப்பி மேசையில் வைத்து எழுதினேன். இக்கடன் தொகையை வட்டியுடன் நானும் செலுத்துகிறேன் என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன். எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு இடம் பார்த்தேன். மாரீஸ்வரி என்று கோணல்மாணலாக எழுதியிருந்ததற்கு மேலே கொஞ்சம் காலியாக இருந்தது. குடும்பத் தலைவன் என்கிற பழக்கத்தில் பேனா அங்கேதான் போனது.

வெள்ளத்தாய் காகிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அங்க வேண்டாம்ணே. மதினிக்குக் கீழ போடுங்க."

கீழே போட்டேன்.